ஓதுதலும் உவகையும்: முதலாம் சங்கீதமும் ஒரு யூதக் கவிஞரின் பள்ளி நாள்களும்

யூதர் கல்வியைப் போற்றும் மக்கள் என்பது நம் அருளுரைகளில் அடிக்கடி கேட்கப்படும் செய்தியாகும். நோபல் பரிசு பெற்ற யூதர் சிலரின் பெயர்களை வரிசையாகச் சொல்லி, நம் பிள்ளைகளும் அவ்வாறே முன்னேற வேண்டும் என்று அறிவுரை கூறி முடிப்பது வழக்கமாகிவிட்டது. ஆனால் யூதர் கல்வியை எதன் பொருட்டுப் போற்றினர் என்னும் வினாவை நாம் எழுப்புவது அரிது. அவர்கள் மரபில் கல்வி முதற்கண் பதவிக்கு ஏணி அன்று, அது வழிபாடு, அதுவே உவகை. மெய்யான மகிழ்ச்சியைத் தேடுவோர் பள்ளியை நோக்கிச் செல்ல வேண்டும் என்பது அம்மரபின் துணிபு.

அவ்வுவகை, கிறிஸ்தவர் நடத்திய பள்ளியொன்றில் அமர்ந்து பயின்ற ஓர் இந்திய யூதச் சிறுவனுக்குக் கிட்டியதா? இதற்கு விடை தரும் கவிதையொன்று நம் நாட்டிலேயே எழுதப்பட்டுள்ளது. பம்பாயில் 1924-இல் பிறந்து 2004-இல் மறைந்த நிசிம் எசேக்கியேல் ஆங்கிலத்தில் எழுதிய ‘பேக்கிரவுண்ட், கேஷுவலி’ என்பதே அது. ‘போகிற போக்கில் என் பின்னணி’ என அத்தலைப்பைத் தமிழாக்கலாம். 1976-இல் வெளிவந்த ‘ஹிம்ஸ் இன் டார்க்னெஸ்’ என்னும் தொகுப்பில் அது இடம்பெற்றது. அக்கவிதையை முதலாம் சங்கீதத்தின் ஒளியில் திறனாய்வதே இக்கட்டுரையின் நோக்கம். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு ஆகிய ஊர்களில் நம் பள்ளிகளின் பலகைகளில், தோல் தொழிற்சாலைகளில் உழைப்போரின் பிள்ளைகளும், உருது பேசும் முஸ்லிம் பிள்ளைகளும், இந்துப் பிள்ளைகளும், சபைப் பிள்ளைகளும் அருகருகே அமர்கின்றனர். ஆதலின் இத்திறனாய்வு நமக்கு அயலானதன்று.

பாக்கியவான் யார்?

சங்கீதப் புத்தகத்தின் முதற்சொல் ‘அஷ்ரே’ என்பது. நம் திருமறையில் ‘பாக்கியவான்’ என்று வழங்கும் இச்சொல், நற்பேறு பெற்ற வாழ்வின் நிறைவைக் குறிக்கும். அத்தகைய வாழ்வை உடையவன் எவன் என்பதற்குச் சங்கீதக்காரர் தரும் விடை வியப்பூட்டுவது. செல்வனையோ, வெற்றி வீரனையோ, பலி செலுத்தும் ஆசாரியனையோ அவர் சுட்டவில்லை. இரவும் பகலும் இறைவனின் தோராவில் திளைக்கும் மாணவனையே சுட்டுகிறார். ‘தியானம்’ என்று நாம் மொழிபெயர்க்கும் இடத்தில் எபிரேயத்தில் ‘ஹாகா’ என்னும் வினை நிற்கிறது. ஏசாயா 31:4-இல் இரைமேல் நின்று உறுமும் சிங்கத்துக்கும், 38:14-இல் புலம்பும் புறாவுக்கும் இவ்வினையே ஆளப்படுகிறது. எனவே இது கண்மூடி அமர்ந்திருக்கும் நிலையன்று. வாய்விட்டு முணுமுணுத்துக் கற்பது. நம் மொழியில் ‘ஓதுதல்’ என்னும் சொல் இதற்கு மிக அணுக்கமானது. கற்றலும் வழிபடுதலும் பிரியாமல் நிற்கும் சொல் அது.

அடுத்து வருவது வளர்ச்சியின் உருவகம். அங்குக் கூறப்படும் மரம் தானாக முளைத்த காட்டு மரமன்று. எபிரேய மூலம் ஊன்றி நடப்பட்ட மரத்தையும், வெட்டி வகுக்கப்பட்ட வாய்க்கால்களையும் குறிப்பதாகக் கொள்வர். ஒருவர் நட்டார், ஒருவர் வாய்க்கால் வெட்டினார், மரம் வளர்ந்தது. கல்வியால் வரும் உவகை தனி மனிதனின் முயற்சியால் மட்டும் விளைவதன்று. நடுவோரும் நீர் பாய்ச்சுவோரும் அதற்குப் பொறுப்பாளர் என்பது இதனால் பெறப்படும். பாலாற்றுப் படுகையில் வாழும் நமக்கு இவ்வுருவகத்தின் மறுபக்கமும் தெரியும். தோல் பதனிடும் சாலைகளின் கழிவால் இவ்வட்டாரத்தின் கிணறுகளும் நிலங்களும் கெட்டன என்ற வழக்கில் 1996-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. நீர் இருந்தால் மட்டும் போதாது. அந்நீர் எத்தகையது என்பதும் மரத்தின் வாழ்வைத் தீர்மானிக்கும்.

தால்முத் காட்டும் பள்ளி

சங்கீதம் பாடியதை யூதச் சமுதாயம் பள்ளியாக நிறுவியது. தால்முத்தின் ‘பாபா பத்ரா’ என்னும் பகுதி இதன் வரலாற்றைக் கூறுகிறது. எருசலேம் தேவாலயம் இடிக்கப்படுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னர்த் தலைமை ஆசாரியராயிருந்த யோசுவா பென் கம்லா, ஊர்தோறும் ஆசிரியரை அமர்த்தி, ஆறு அல்லது ஏழு வயதில் பிள்ளைகளைச் சேர்க்க ஏற்பாடு செய்தார். தந்தை இல்லாத பிள்ளைக்குக் கற்பிக்க எவரும் இல்லை என்பதே இவ்வேற்பாட்டுக்குக் காரணம். 25 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர். 40 ஆனால் உடன் ஒரு துணைவர். 50 ஆனால் இரண்டு ஆசிரியர் என்ற கணக்கையும் அங்கே காண்கிறோம். இன்றும் பல பள்ளிகள் எட்டாத அளவு இது.

அதே இடத்தில் ஆசிரியர் ஒருவருக்குக் கூறப்படும் அறிவுரை நம் கருத்துக்குரியது. பிள்ளையை அடிக்க நேர்ந்தால் செருப்பு வாரால் மட்டும் அடிக்க வேண்டும், படிப்பவன் படிக்கட்டும், படிக்காதவன் தன் தோழனுக்குத் துணையாக உடன் இருக்கட்டும் என்கிறது அது. செருப்பு வார் எத்துணை இலேசானது என்பதை ஆம்பூர் வாசிக்கு விளக்க வேண்டுவதில்லை. இன்று அவ்வடியும் ஏற்கத்தக்கதன்று. எனினும் தண்டனைக்கு எல்லை வகுக்கும் நோக்கம் தெளிவாகிறது. அதனினும் மேலானது, படிக்க இயலாத பிள்ளையை வெளியேற்றாமல் தோழமையில் இருத்தும் பண்பு. கல்வியின் உவகை முதல் மாணவனுக்கு மட்டும் உரிய பரிசன்று. அது வகுப்பு முழுவதும் அமரும் பந்தி.

ஆண்டுதோறும் தோரா வாசிப்பு நிறைவுறும் நாளில், உபாகமத்தின் இறுதியை வாசித்த உடனே ஆதியாகமத்தின் தொடக்கத்தையும் வாசித்து, சுருளை ஏந்தி ஆடிப்பாடுவர். அவ்விழாவுக்குச் ‘சிம்காத் தோரா’, அதாவது தோராவின் மகிழ்ச்சி, என்று பெயர். முடிந்த பாடத்தை மீண்டும் தொடங்குவதே கொண்டாட்டம் ஆகிறது. கற்றவர் தாம் துய்க்கும் இன்பத்தில் உலகமும் பங்குபெறக் கண்டு மேன்மேலும் கல்வியையே விழைவர் என்ற வள்ளுவரின் கருத்தும் இதனோடு ஒத்து நிற்பதை ஓர்க.

இம்மரபில் குறை இல்லை என்று கூறுவதற்கில்லை. பல நூற்றாண்டுகளாகப் பெண்பிள்ளைகள் இப்பந்தியின் வெளியே நிறுத்தப்பட்டனர். தொழில் பற்றிய இகழ்ச்சியும் உண்டு. நறுமணம் செய்வோனும் தோல் பதனிடுவோனும் இன்றி உலகம் இயங்காது என்று கூறும் தால்முத், முன்னவனைப் பேறு பெற்றவன் என்றும் பின்னவனை இரங்கத்தக்கவன் என்றும் பிரிக்கிறது. தோல் பதனிடும் இடம் ஊருக்கு வெளியே 50 முழத் தொலைவில், கீழ்ப்புறத்தில் இருக்க வேண்டும் என்பது மிஷ்னாவின் சட்டம். ஆயினும் அதே மரபு, தோல் தொழில் செய்த ரபி யோசேயையும், செருப்புத் தைத்த ரபி யோகனானையும் தன் பேராசிரியர் வரிசையில் அமர்த்தியது. ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்ட தொழிலோன் கல்விக்கூடத்தின் நடுவே அமர்ந்தான். பேதுரு யோப்பாவில் தோல் பதனிடும் சீமோனின் வீட்டில் தங்கியிருந்தபோதுதான் எவரையும் தீட்டென்று சொல்லலாகாது என்ற வெளிப்பாட்டைப் பெற்றார் என்பதையும் இங்கு நினைவுகூர்தல் தகும்.

செக்காட்டுவோர் கற்ற எபிரேயம்

எசேக்கியேல் பிறந்த சமுதாயம் பெனே இஸ்ரவேலர் எனப்படுவது. கொங்கணக் கடற்கரைச் சிற்றூர்களில் செக்காட்டி எண்ணெய் எடுத்து வாழ்ந்த இவர்கள், ஓய்வுநாளில் செக்கை நிறுத்தியமையால் ‘சனிக்கிழமைச் செக்கார்’ என்று அழைக்கப்பட்டனர். விருத்தசேதனமும், ஓய்வுநாளும், ‘ஷெமா’ என்னும் அறிக்கையும் இவர்களிடம் நிலைத்திருந்தன. ஆனால் எபிரேய நூலறிவு அற்றுப்போயிருந்தது.

அவ்வறிவு மீண்டதில் கொச்சி யூதருக்குப் பங்குண்டு. கிறிஸ்தவ அருட்பணியாளருக்கும் பங்குண்டு. 1829-இல் பம்பாய்க்கு வந்த ஸ்காட்லாந்துப் பணியாளர் ஜான் வில்சன், இவர்களின் பயன் கருதி மராத்தியில் எபிரேய இலக்கணம் ஒன்றை 1832-இல் வெளியிட்டார். தம் பள்ளியிலும் இவர்களுக்கு இடமளித்தார். அவர் விரும்பியது இவர்களின் மனமாற்றம். ஆனால் ஞானஸ்நானம் பெற்றோர் மிகச் சிலரே. மற்றோர் கற்ற எபிரேயத்தைக் கொண்டு தம் முன்னோரின் வழிபாட்டை மீட்டுக்கொண்டனர். ஜோசப் எசேக்கியேல் ராஜ்பூர்க்கர் எபிரேய மன்றாட்டு நூல்களை மராத்தியில் பெயர்த்தார். ஹாயீம் சாமுவேல் கெஹிம்கர் தம் உடன்பிறந்தாருடன் சேர்ந்து 1875-இல் பம்பாயில் இஸ்ரவேலர் பள்ளியை நிறுவினார். பின்னாளில் அது சர் எல்லி கதூரி பள்ளி எனப் பெயர் பெற்றது.

மிஷன் அறிக்கையின் கணக்கில் இது தோல்வியாகத் தோன்றலாம். முதலாம் சங்கீதத்தின் கணக்கில் அவ்வாறன்று. வாய்க்கால் வெட்டியவர் எண்ணிய கனியை மரம் தரவில்லை; ஆயினும் மரம் தழைத்தது. கவிஞரின் தந்தை வில்சன் கல்லூரியிலேயே பேராசிரியராக விளங்கினார். தாயார் தாமே ஒரு பள்ளியை நடத்தினார். மகன் அதே கல்லூரியில் பயின்று 1947-இல் முதுகலைப் பட்டம் பெற்றார். செக்கடியிலிருந்து மூன்று நான்கு தலைமுறைக்குள் இவ்வளர்ச்சி நிகழ்ந்தது.

கவிதையின் சாட்சி

இத்தகைய குடும்பத்தில் பிறந்த பிள்ளையின் பள்ளி வாழ்வு உவகை நிறைந்ததாய் இருந்திருக்கும் என எதிர்பார்ப்போம். கவிதை வேறு செய்தியைத் தருகிறது. மெலிந்து அஞ்சிய சிறுவன் ஒருவன் கத்தோலிக்கப் பள்ளியில் சேர்கிறான். கிறிஸ்துவைக் கொன்றவன் நீயே என்று அங்கே அவனிடம் சொல்கின்றனர். அதே ஆண்டில் வேதபாடத்துக்கான பரிசை அவனே பெறுகிறான். முஸ்லிம் மாணவன் ஒருவனிடம் அறை வாங்குகிறான்.

பழிச்சொல்லையும் பரிசையும் எசேக்கியேல் அடுத்தடுத்து வைக்கிறார். இடையே ‘ஆயினும்’ என்றோ ‘அந்தோ’ என்றோ ஒரு சொல்லும் இல்லை. அச்சொல்லை வாசகரே இட்டு நிரப்ப வேண்டும். இவ்விடைவெளியே கவிதையின் உயிர்நிலை எனலாம். வேதத்தை நன்கு கற்றவன் என்று பள்ளி அவனுக்குச் சான்று தந்தது. அவ்வேதத்தைக் கொண்டே அவனைக் குற்றவாளி ஆக்கியது. சங்கீதத்தின் மாணவனுக்கு வேதத்தில் பிரியம் இருந்தது, இச்சிறுவனுக்குப் பரிசு இருந்தது, பிரியம் குறிப்பிடப்படவில்லை. வளர்ச்சியைப் பற்றிப் பேசும் இடத்திலும் கவிஞர் அதனை அச்சத்தோடு பிணைத்தே சொல்கிறார். நீர்க்கால்களின் ஓரத்தில் நடப்பட்ட மரமாக அன்றி, வலியோரைக் கண்டு நடுங்கியே அவன் வளர்கிறான்.

இதனினும் கூர்மையான இடம் ஒன்றுண்டு. மெலிந்த இந்து மாணவர்களைச் சிறுவன் வெறுக்கிறான். அதற்கு அவன் காட்டும் காரணங்களுள் ஒன்று, அவர்கள் ஆங்கில இலக்கணத்தில் பிழை செய்தனர் என்பது. இகழப்பட்டவன் இகழக் கற்றுக்கொண்டான். பள்ளியின் பாடத்திட்டத்தில் எழுதப்படாத இப்பாடத்தையும் அவன் செவ்வனே பயின்றுவிட்டான். ஒருநாள் கத்தியையும் எடுத்துவிடுகிறான். பாதிக்கப்பட்டவனைத் தூயவனாகக் காட்டித் தப்பிக்காமல், அவனுக்குள் புகுந்த நஞ்சையும் சொல்வதே இக்கவிதையின் நேர்மை.

நிறையும் குறையும்

கவிதையின் தொனி எள்ளல் கலந்தது. தன்னிரக்கத்தை அது அணுகவிடுவதில்லை. இஃது அதன் வலிமை. ஆயினும் எள்ளலே சில இடங்களில் கவிஞரைத் தம் மரபிலிருந்து மறைத்துவிடுகிறது. வெள்ளி இரவில் வீட்டில் நிகழ்ந்த மன்றாட்டு விரைவாகக் கடந்து செல்லப்படுகிறது. யோகம், ஜென், ரபித்துவம் என்று மனம் அலைகிறது. தேடத்தேடக் கிடைப்பது குறைகிறது. ஓதுதலின் உவகையை அறிந்த ஒரு மரபு அருகிலேயே இருந்தும், அதன் சுவையை வாசகர் உணர வாய்ப்பில்லை. இது கவிஞரின் குறையா, அன்றி அச்சுவையைப் பள்ளி முன்னமே கெடுத்துவிட்டதன் விளைவா? இரண்டுமே என்பது என் கருத்து.

ஆனால் எசேக்கியேல் அங்கேயே நின்றுவிடவில்லை. கவிதையின் முடிவில், பிறர் எங்கோ பின்தங்கிய தொலைவிடத்தைத் தேடித் தொண்டுக்குச் செல்வதுபோல், தாம் இருக்கும் இடத்தையே தம் பணிக்களமாக ஏற்கிறார். 1982-இல் வெளிவந்து, 1983-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற ‘லேட்டர்-டே சாம்ஸ்’ தொகுப்பிலோ, சங்கீதங்களோடு நேருக்கு நேர் உரையாடுகிறார். முதலாம் சங்கீதத்துக்கு அவர் தரும் மறுமொழியில் பாக்கியவான் புதிய உருவம் பெறுகிறான். மரபொழுங்கின் ஆலோசனைக்கு அவன் அடிபணிவதில்லை. இகழ்வோர் அமரும் இடத்தை விட்டு விலகுவதோடு நில்லாமல், அவர்களுக்குப் பொறுமையாய்ச் செவிகொடுத்து, இகழ்ச்சி எங்கிருந்து பிறக்கிறது என்பதையும் அறிகிறான். பாவத்தோடு அவன் கொள்ளும் எளிய உறவை நாம் ஏற்பதற்கில்லை. நல்லார் தீயார் என்ற சங்கீதத்தின் பிரிவு அத்துணை எளிதில் தள்ளத்தக்கதன்று. எனினும் சிறுவயதில் இகழ்ச்சிக்கு இலக்கானவர் முதிர்ந்த வயதில் அதன் ஊற்றுக்கண்ணைத் தேடுகிறார் என்பதே உண்மையான வளர்ச்சி. வேதத்தோடு வாதாடுவதும் யூதப் பள்ளியின் பழைய வழக்கமே. பள்ளியில் இழந்த மாணவநிலையை அவர் கவிதையில் மீட்டுக்கொண்டார் என்று கூறலாம்.

நம்முன் நிற்கும் வினா

அது கத்தோலிக்கப் பள்ளி. நமக்கென்ன என்று சிலர் கூறலாம். அவர்களுக்கு 1543-ஆம் ஆண்டை நினைவூட்ட வேண்டும். யூதருக்கு எதிராக அவ்வாண்டில் எழுதிய நூலில், அவர்களின் ஜெப ஆலயங்களையும் பள்ளிகளையும் எரிக்க வேண்டும், ரபிகள் கற்பிப்பதைத் தடுக்க வேண்டும் என்று அறிவுரை கூறியவர் மார்ட்டின் லுத்தர். இருபது ஆண்டுகளுக்கு முன், கிறிஸ்து யூதராய்ப் பிறந்தார் என்று கனிவோடு எழுதியவரும் அவரே. ஆம்பூரில் பணியாற்றிய மிசௌரி சினாடு, அவருடைய அக்கடுஞ்சொற்களை 1983-இல் வருந்தி விலக்கியது. யூல் இசாக் என்னும் பிரெஞ்சு யூத வரலாற்றாசிரியர், திருச்சபை நூற்றாண்டுகளாய்ப் போதித்ததை ‘இகழ்ச்சியின் போதனை’ என்று பெயரிட்டார். 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், கிறிஸ்துவின் பாடுகளுக்காக யூதர் அனைவரையும் குற்றவாளிகள் ஆக்கலாகாது என்று அறிவித்தது. எசேக்கியேல் பள்ளியில் பயின்றது இவற்றுக்கெல்லாம் முன்னர்.

நம் ஊரின் சான்றும் ஒன்றுண்டு. பிற்காலத்தில் குடியரசுத் தலைவராய் விளங்கிய இராதாகிருஷ்ணன், வேலூர் ஊரிஸ் கல்லூரியிலும் பின்னர்ச் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் பயின்றவர். அருட்பணி நிறுவனங்களில் இந்து சமயம் நடத்தப்பட்ட விதம் தம்மைப் புண்படுத்தியதையும், அத்திறனாய்வே இந்து சமயத்தை ஆராயத் தம்மைத் தூண்டியதையும் அவரே எழுதியுள்ளார். நம் பள்ளி அறிவைத் தந்தது. கூடவே காயத்தையும் தந்தது.

எழுத்து கொல்லும் என்று பவுல் கூறினாரே, யூதரின் நூற்கல்வியை நாம் ஏன் போற்ற வேண்டும் என்று வினவுவோரும் உளர். பவுல் கமாலியேலின் பாதத்தில் அமர்ந்து கற்றதை மறைத்தவர் அல்லர். அனைத்துக்கும் மேலாக, லூக்கா 2-ஆம் அதிகாரம் நம் ஆண்டவரைப் பன்னிரண்டு வயது மாணவராகக் காட்டுகிறது. போதகர் நடுவில் அமர்ந்து, செவிகொடுத்து, வினாக்களைக் கேட்கிறார். பின்னர் ஞானத்திலும் வளர்த்தியிலும் பெருகுகிறார். அவர் அமர்ந்திருந்தது யூதப் பள்ளியின் பலகையில். வகுப்பறையில் யூதச் சிறுவனை நோக்கிக் கிறிஸ்துவின் கொலைகாரன் என்று விரல் நீட்டியவர், கிறிஸ்துவின் பக்கத்தில் அமர்ந்திருந்தவனையே நோக்கி விரல் நீட்டினார்.

இவ்வட்டாரத்தில் யூதப் பிள்ளை எவரும் நம் பள்ளிகளில் இல்லாமல் இருக்கலாம். ஆனால் அப்பலகையில் இன்று வேறு பிள்ளைகள் அமர்ந்திருக்கின்றனர். பெரிய வெள்ளியன்று நாம் ‘யூதர்கள்’ என்று கூறும் தொனியைக் கேட்டுப் பழகிய சபைப் பிள்ளை, திங்களன்று தன் முஸ்லிம் தோழனைப் பற்றியும் அதே தொனியில் பேசக் கற்கும். ஆங்கிலப் பிரிவில் பயிலும் பிள்ளை தமிழ்ப் பிரிவினனையும் உருதுப் பிரிவினனையும் அவர்கள் செய்யும் பிழையால் அளக்கக் கற்கும். பதனிடும் சாலையில் வேலை செய்யும் தந்தையின் உடையில் வீசும் வாடை, பிள்ளையின் பெயருக்கும் ஒட்டிக்கொள்ளும். இவை எதுவும் தேர்ச்சி விழுக்காட்டைக் குறைப்பதில்லை, பரிசும் கிடைக்கும். உவகைதான் கிடைக்காது. தோல் வணிகராயிருந்து 1924-இல் உமராபாத்தில் அரபிக் கல்லூரியை நிறுவிய காக்கா முகமது உமர் போன்றோரின் கல்விப் பற்றை நம் மாணவர் அறிவார்களா? அயலாரின் ஓதுதலை மதிக்கத் தெரியாதவன் தன் ஓதுதலையும் சுவைத்தறியான்.

ஆதலின் மூன்று கடமைகள் நம்மேல் விழுகின்றன. முதலாவது, இறையியல் மாணவர் எபிரேயத்தைத் தேர்வுக்குரிய சுமையாக மட்டும் கருதாமல், இன்றும் வாழும் ஒரு மக்களின் வழிபாட்டு மொழியாக வாய்விட்டு ஓதிப் பயில வேண்டும். இரண்டாவது, பாடுகளின் வாரத்தில் பிரசங்கிக்கும் ஆயர், அவையில் ஒரு யூதச் சிறுவன் அமர்ந்திருப்பதாக எண்ணித் தம் சொற்களை நிறுத்துப் பார்க்க வேண்டும். மூன்றாவது, நம் பள்ளிகளை நடத்துவோர், படிக்க இயலாத பிள்ளைக்கும் தோழனின் பக்கத்தில் ஓர் இடம் உண்டு என்ற தால்முத்தின் நெறியைத் தம் ஆசிரியருக்குக் கற்பிக்க வேண்டும். பரிசு பெற்றவர் எத்தனை பேர் என்று எண்ணுவது எளிது. பரிசு பெற்ற பிள்ளை வேதத்தில் பிரியம் கொண்டு வெளியேறியதா, அச்சத்தில் வளர்ந்து வெளியேறியதா என்று கேட்பது கடினம். முதலாம் சங்கீதம் நம்மிடம் கேட்பது இந்த இரண்டாம் வினாவையே.